அந்த ஜோக் யாருடையது?

குழந்தைகளுக்காகக் கதை எழுதிய ஈனிட் பிளைட்டனின் மடியில் ஒரு சின்னத் தட்டச்சுப் பொறி இருக்கும். கண்ணை மூடிக்கொள்வார். மனத்தைக் காலியாக்கிக்கொண்டு சில நிமிடங்கள் காத்திருப்பார். அதற்குள் கதையின் குழந்தைகள் வந்து எதிரே நின்றுவிடுவார்கள். தலைமுடி, கண், உடுப்பு, முகபாவம் எல்லாமே துல்லியமாகத் தெரியும். ஒவ்வொருவரின் பெயரும் தெரியும், குடும்பப் பெயர் மட்டும் தெரியாது. யார் துடுக்கு, யார் சாது என்பதும் பார்த்த மாத்திரத்தில் பிடிபட்டுவிடும். கதையில் அடுத்து என்ன நடக்கும் என்பது மட்டும் அவருக்கே தெரியாது. தனக்காக மட்டும் திரையிடப்பட்ட சினிமாவைப் பார்ப்பதுபோலப் பார்த்துக்கொண்டே தட்டச்சு செய்துகொண்டு போவார்.

இதையெல்லாம் அவர் பத்திரிகைப் பேட்டிக்காகச் சொல்லவில்லை. கற்பனை மனத்தில் எப்படி உருவாகிறது என்று ஆராய்ந்துகொண்டிருந்த பீட்டர் மக்கெல்லர் என்ற உளவியலாளர் 1953-இல் அவரிடம் கேள்விகள் கேட்டு எழுதினார். பிளைட்டன் பொறுமையாக, விவரமாகப் பதில் எழுதினார். 600-க்கும் மேல் புத்தகங்கள் எழுதிக் குவித்த ஒருவர், தன் மனம் வேலை செய்யும் விதத்தை ஓர் ஆராய்ச்சியாளருக்குத் திறந்து காட்டிய அரிய கடிதங்கள் அவை. மக்கெல்லர் 1957-இல் வெளியிட்ட கற்பனை பற்றிய நூலில் அவற்றைப் பயன்படுத்திக்கொண்டார்.

அந்தக் கடிதங்களில் ஓர் இடம் என்னை விடாமல் பிடித்துக்கொண்டது. சில சமயம் ஒரு பாத்திரம் ஜோக் அடிக்குமாம். தட்டச்சு செய்துகொண்டிருக்கும்போதே பிளைட்டனுக்குச் சிரிப்பு வந்துவிடுமாம். நூறு வருஷம் உட்கார்ந்து யோசித்தாலும் எனக்கு இது தோன்றியிருக்காதே என்று நினைப்பாராம்.

அப்படியானால் அந்த ஜோக் யாருடையது? சொன்ன பாத்திரம் உலகத்தில் இல்லை. கேட்டுச் சிரித்தவர் ஒருவர்தான். அறையில் இருந்த மூளையும் ஒன்றுதான். ஒரே மூளை ஒரு ஜோக்கை உருவாக்கி, அதைத் தனக்கே தெரியாமல் மறைத்து, பிறகு தானே கேட்டு எப்படி ஆச்சரியப்பட முடியும்?

எழுதுகிறவர்களிடம் பழகியவர்களுக்கு இந்தப் பேச்சு புதிதல்ல. "நான் ஒன்று நினைத்தேன், அவள் வேறு வழியில் போய்விட்டாள்" என்று தன் கதாநாயகியைப் பற்றி, அடுத்த வீட்டுப் பெண்ணைப் பற்றிச் சொல்வதுபோல ஓர் எழுத்தாளர் சொல்லும்போது, கேட்பவர்கள் அதை அலங்காரப் பேச்சு என்று எடுத்துக்கொள்வார்கள். நானும் நெடுநாள் அப்படித்தான் நினைத்தேன். ஆனால் சாட்சிகள் அதிகம். அவர்களில் பலர் அலங்காரத்துக்காகப் பேசுகிறவர்களும் அல்லர்.

டால்ஸ்டாயை எடுத்துக்கொள்வோம். 'அன்னா கரீனினா'வை எழுதிக்கொண்டிருந்தபோது, 1876-இல், நண்பரும் விமர்சகருமான ஸ்த்ராகவுக்கு ஒரு கடிதம் எழுதினார். அன்னாவின் கணவனைச் சந்தித்த பிறகு அவள் காதலன் விரான்ஸ்கி வீடு திரும்பும் அத்தியாயம் முன்பே எழுதி வைத்ததுதான். அதைத் திருத்த உட்கார்ந்தார். திருத்திக்கொண்டே வரும்போது, அவர் கொஞ்சமும் எதிர்பாராத வகையில் விரான்ஸ்கி துப்பாக்கியை எடுத்துத் தன்னையே சுட்டுக்கொண்டான். பின்னால் நடப்பவற்றுக்கு இது எவ்வளவு அவசியமானது என்பது டால்ஸ்டாய்க்குப் பிறகுதான் புரிந்தது. எதிர்பாராதது, ஆனால் வேறு விதமாக நடந்திருக்க முடியாதது. இந்த இரண்டும் சேர்ந்தே வருவதைக் கவனியுங்கள். பின்னால் இது நமக்குத் தேவைப்படும்.

ஆலிஸ் வாக்கரின் அனுபவம் இன்னும் ஒரு படி மேலே. 'தி கலர் பர்ப்பிள்' நாவலின் மனிதர்கள் அமெரிக்கத் தென்பகுதிக் கிராமத்தவர்கள். நியூயார்க்கில் இருந்தபோது அவர்கள் வாயே திறக்கவில்லை என்கிறார் வாக்கர். அந்த உயரமான கட்டடங்கள் அவர்களுக்குப் பிடிக்கவில்லை. சான் ஃபிரான்சிஸ்கோவுக்குக் குடிபெயர்ந்தார். அங்கேயும் சரிப்படவில்லை. கடைசியில் வட கலிஃபோர்னியாவில் ஒரு கிராமப்புறத்தில் சிறிய வீடு பார்த்துக் குடியேறிய பிறகுதான் பேச ஆரம்பித்தார்கள். மகள் வந்து தங்கியபோது, அவள் பள்ளிக்கூடம் போயிருக்கும் நேரமாகப் பார்த்து வந்து பேசும் அளவுக்கு அனுசரித்துப் போனார்களாம். 1982-இல் வெளிவந்த அந்த நாவல் மறு ஆண்டு புலிட்சர் பரிசு பெற்றது. தன் பாத்திரங்களின் வசதிக்காக ஒருவர் ஊர்விட்டு ஊர் மாறியிருக்கிறார் என்றால், அதை வெறும் பேச்சு என்று எப்படித் தள்ளுவது?

இதை முதன்முதலில் முறையாக எண்ணிப் பார்த்தவர், குழந்தைகளைப் படித்த ஓர் உளவியலாளர். அமெரிக்காவின் ஒரெகன் பல்கலைக்கழகத்தைச் சேர்ந்த மார்ஜரி டெய்லர், குழந்தைகளின் கற்பனைத் தோழர்களைப் பற்றிப் பல ஆண்டுகள் ஆராய்ந்தவர். நம் வீட்டுக் குழந்தைகளிடமும் இவர்களைப் பார்த்திருப்போம். சாப்பிடும்போது பக்கத்தில் இன்னொரு தட்டு வைக்கச் சொல்லும் குழந்தை, மூலையைப் பார்த்து "நீ சும்மா இரு" என்று அதட்டும் குழந்தை. இந்தத் தோழர்களைக் குழந்தைதான் படைக்கிறது, ஆகவே குழந்தை சொல்வதைத்தான் கேட்பார்கள் என்று நாம் எண்ணுவோம். டெய்லர் கண்டது அதற்கு நேர்மாறு. கூப்பிட்டால் வருவதில்லை, சத்தமாகப் பேசுகிறான், பொம்மையைத் தர மாட்டேன் என்கிறாள் என்று தாங்களே படைத்த தோழர்களைப் பற்றிக் குழந்தைகள் புகார் சொன்னார்கள். அதே சமயம், "அவன் நிஜமில்லை, தெரியுமா? சும்மா நினைத்துக்கொள்வதுதான்" என்று ஆராய்ச்சியாளருக்கு எடுத்துச் சொல்லவும் அந்தக் குழந்தைகள் தவறவில்லை. தெளிவும் இருக்கிறது, தோழனின் பிடிவாதமும் இருக்கிறது.

வளர்ந்த பிறகும் இதே வேலையைச் செய்கிறவர்கள் யார்? கதை எழுதுகிறவர்கள்தானே என்று டெய்லர் யோசித்தார். சாரா ஹாட்ஜஸ், அடெல் கோஹன்யி ஆகியோருடன் சேர்ந்து 50 எழுத்தாளர்களைப் பேட்டி கண்டார். பொழுதுபோக்காக எழுதுகிறவர்களும் இருந்தார்கள், விருது வாங்கியவர்களும் இருந்தார்கள். 50 பேரில் 46 பேர், பாத்திரம் தானாகப் பேசுவது, செயல்படுவது, எதிர்ப்பது என்று ஏதோ ஒரு வகையில் இந்த அனுபவம் தங்களுக்கு உண்டு என்றார்கள். டெய்லர் குழு இதற்கு வைத்த பெயரைத் தமிழில் 'தன்னிச்சை மாயை' என்று சொல்லலாம். பாத்திரத்துக்குச் சொந்த இச்சை இருப்பதுபோன்ற மாயை என்று பொருள்.

அந்த ஆய்வில் எனக்கு முக்கியமாகப் படுவது 46 என்ற எண் அல்ல. நூல் வெளியிட்டவர்களிடம் இந்த அனுபவம் மற்றவர்களைவிட அடிக்கடியும் விவரமாகவும் இருந்தது என்பதுதான். புதிதாக எழுத வந்தவர்கள் உணர்ச்சிவசப்பட்டுச் சொல்வது என்றால், எழுத எழுத அது குறைந்திருக்க வேண்டும். இங்கே கூடுகிறது. தச்சருக்குக் கை பழகுவதுபோல இதுவும் தொழில் பழகப் பழக வருவது.

பின்னர் இங்கிலாந்தின் டர்ஹம் பல்கலைக்கழகத்தில் குரல் கேட்டலை ஆராயும் குழுவினர், எடின்பரோ சர்வதேசப் புத்தகத் திருவிழாவுக்கு வந்த 181 எழுத்தாளர்களிடம் விசாரித்தார்கள். ஜான் ஃபாக்ஸ்வெல்லும் உடன் பணியாற்றியவர்களும் 2020-இல் வெளியிட்ட முடிவுகளின்படி, 63 விழுக்காட்டினருக்குப் பாத்திரங்களின் குரல் கேட்கிறது. 61 விழுக்காட்டினர் தங்கள் பாத்திரங்கள் தாமாகச் செயல்படக்கூடியவை என்றார்கள். பாத்திரத்தோடு உரையாடவே முடிகிறது என்றவர்கள் சுமார் 15 விழுக்காடு. அதே ஆய்வு இன்னொன்றையும் காட்டியது. இது ஒரே அனுபவம் அல்ல. சிலருக்குக் காது கேட்பதுபோலத் தெளிவான குரல். சிலருக்குக் குரலே இல்லை, பக்கத்தில் யாரோ இருப்பது போன்ற உணர்வு மட்டும். சிலர் பாத்திரத்தின் உள்ளே புகுந்துகொள்கிறார்கள், சிலர் சுவரோரம் நின்று ஒட்டுக்கேட்கிறார்கள்.

இனி, எப்படி என்ற கேள்விக்கு வருவோம். அதற்கு எழுத்தாளராக இருக்க வேண்டியதில்லை.

காய்கறிக் கடையில் கத்தரிக்காய் பொறுக்கும்போது எனக்கு அம்மாவின் குரல் கேட்கும். "மேலே பளபளப்பைப் பார்த்து ஏமாறாதே, காம்பைப் பார். காம்பு பச்சையா இருக்கா?" அம்மா காலமாகிப் பல வருடங்கள் ஆகின்றன. இந்த வாக்கியம் அவர் என்றோ சொன்னது, ஆகவே நினைவு என்று வைத்துக்கொள்ளலாம். ஆனால் அம்மா உயிரோடு இருந்தபோது எங்கள் ஊரில் புரொக்கோலி கிடையாது. போன மாதம் அந்தக் கடையில் அதன் விலையைப் பார்த்துவிட்டுக் கையில் எடுத்தேன். உடனே கேட்டது: "இத்தனூண்டு பூவுக்கா இவ்வளவு ரூபா? வை கீழே." நான் யோசித்து அமைத்த வாக்கியம் அல்ல அது. வந்து விழுந்தது. அம்மா ஒருநாளும் சொல்லாத வாக்கியம். ஆனால் அம்மாவைத் தவிர வேறு யாரும் அதை அப்படிச் சொல்லியிருக்க முடியாது. நான் கீழே வைத்துவிட்டேன்.

எதிர்பாராதது, ஆனால் வேறு விதமாக இருந்திருக்க முடியாதது. விரான்ஸ்கியின் துப்பாக்கியும் இதே வகைதான்.

நெருங்கிப் பழகிய ஒருவரை நம் மூளை புகைப்படத் தொகுப்பாகச் சேமித்து வைப்பதில்லை. அவர் எதைச் சொல்வார், எதற்குக் கோபப்படுவார், எந்த இடத்தில் பேச்சை நிறுத்துவார் என்று முன்கூட்டியே கணிக்கும் ஓர் இயங்கும் மாதிரியாக வைத்திருக்கிறது. எதிரில் இருப்பவரோடு பேச்சு தடையில்லாமல் ஓட வேண்டும் என்றால் அவர் பேசி முடிப்பதற்குள் அவர் எங்கே வருகிறார் என்று ஊகிக்க வேண்டும். அந்த வேலைக்காக உருவான கருவி இது. அடுத்தவர் மனத்தை ஊகிக்கும்போது சுறுசுறுப்பாகும் பகுதிகளை மூளைப் படங்கள் அடையாளம் காட்டியிருக்கின்றன. நெற்றிக்குப் பின்னால் மூளையின் இரண்டு பாதிகளும் ஒன்றையொன்று பார்க்கும் நடுப்பகுதி ஒன்று, காதுக்குச் சற்று மேலே பின்னால் இருக்கும் சந்திப்பு இன்னொன்று. ஆள் போன பிறகும் அந்த மாதிரி அழிவதில்லை. டெவி ரீஸ் என்ற மருத்துவர் வேல்ஸ் பகுதியில் துணையை இழந்த 293 பேரைச் சந்தித்து, 1971-இல் வெளியிட்ட ஆய்வில், ஏறத்தாழப் பாதிப் பேர் இறந்த கணவரையோ மனைவியையோ பக்கத்தில் உணர்ந்ததாகவோ பார்த்ததாகவோ கேட்டதாகவோ சொன்னார்கள். பலர் அதுவரை யாரிடமும் சொல்லாமல் வைத்திருந்தவர்கள். அவர்களுக்கு அது பெரும்பாலும் ஆறுதலாகவே இருந்தது. பைத்தியம் அல்ல அது. முப்பது நாற்பது வருஷம் ஒருவரோடு வாழ்ந்த மூளை, பழகிய வேலையைச் செய்துகொண்டிருக்கிறது.

எழுத்தாளர் செய்வது என்ன? இல்லாத ஒருவருக்கு அதே மாதிரியைக் கட்டுகிறார். ஒருவரிடமிருந்து நடை, இன்னொருவரிடமிருந்து பேச்சு, மூன்றாமவரிடமிருந்து ஒரு பழைய அவமானம் என்று எடுத்து, அந்த ஆளோடு மாதக்கணக்கில் வருஷக்கணக்கில் குடித்தனம் நடத்துகிறார். குளிக்கும்போதும் பேருந்தில் போகும்போதும் அவர் அங்கே இருக்கிறார். ஒரு கட்டத்தில் மாதிரி முழுமையாகி, தானே ஓடத் தொடங்குகிறது. அதற்குப் பிறகு "இவள் இங்கே அழ வேண்டும்" என்று எழுத்தாளர் தன் கதைத் திட்டத்தின்படி எழுதப் போகும்போது, மாதிரி வேறொன்றைச் சொல்கிறது: அழ மாட்டாள், எழுந்து போய்த் தண்ணீர் குடிப்பாள். திட்டத்துக்கும் மாதிரிக்கும் நடக்கும் இந்த மோதலைத்தான் எழுத்தாளர் பாத்திரத்தின் பிடிவாதமாக அனுபவிக்கிறார்.

சரி, மாதிரி என் மூளையில்தானே ஓடுகிறது? அது ஏன் என்னுடையதாகத் தோன்றுவதில்லை?

உங்கள் உள்ளங்காலை நீங்களே வருடிப் பாருங்கள். கூச்சம் வராது. வேறு யாராவது தொட்டால் துள்ளுவீர்கள். 1998-இல் லண்டனில் சாரா-ஜெய்ன் பிளேக்மோர், டேனியல் வோல்பர்ட், கிறிஸ் ஃப்ரித் ஆகிய மூவரும் இதை மூளைப் படங்களுடன் ஆராய்ந்தார்கள். கையை அசைக்கக் கட்டளை போகும்போதே, அதன் நகல் ஒன்று மூளையின் மற்ற பகுதிகளுக்கும் போகிறது. "இப்போது இந்த இடத்தில் தொடுகை வரும், நம் ஆள்தான்" என்ற முன்னறிவிப்பு அது. எதிர்பார்த்த தொடுகை வந்ததும் மூளை அதன் வீரியத்தைக் குறைத்துக்கொள்கிறது. மனத்துக்குள் பேசும் பேச்சுக்கும் இது பொருந்துகிறது. சிட்னியில் தாமஸ் விட்ஃபர்டின் குழு 2017-இல் காட்டியது இது: ஓர் ஒலியை மனத்துக்குள் சொல்லும் அதே கணத்தில் அதே ஒலி காதிலும் விழுந்தால், அதற்கு மூளை காட்டும் மின்துடிப்பு குறைந்துபோகிறது. வேறு ஒலி விழுந்தால் அப்படிக் குறைவதில்லை. மௌனமாகச் சொன்ன சொல்லுக்கும் மூளை 'நம் ஆள்' என்று முத்திரை குத்துகிறது.

அந்த முத்திரையின் மை முயற்சிதான் என்று நினைக்கிறேன். ஒரு வாக்கியத்தைத் தேடி, அடித்து, மாற்றி அமைத்தால் அது நம்முடையது என்று திடமாகத் தெரிகிறது. முயற்சி இல்லாமல் முழுதாக வந்து விழுந்தால் உரிமை உணர்வு மங்குகிறது. பழகிய எல்லா வேலைகளிலும் இது உண்டு. மார்கழி விடியலில் சிக்குக் கோலம் போடும் பெண்ணிடம், இருபத்தோரு புள்ளியில் இழை அடுத்து எந்தப் பக்கம் திரும்பும் என்று நடுவில் கேட்டுப் பாருங்கள். அவர் தடுமாறுவார். "கை தானா போகும், கேட்டா வராது" என்பார். கற்றுக்கொண்ட சிறுமியாக இருந்தபோது ஒவ்வொரு வளைவையும் யோசித்துத்தான் போட்டிருப்பார். இப்போது யோசனை கீழே இறங்கிவிட்டது. கையில் இருக்கிறது என்கிறோம். உண்மையில் மூளையின் ஆழத்துக்குப் போயிருக்கிறது.

எழுத்திலும் அப்படி இறங்குகிறதா என்று பார்க்க ஜெர்மனியின் கிரைஃப்ஸ்வால்ட் நகரில் மார்ட்டின் லோட்ஸேயின் குழு ஒரு வேலை செய்தது. ஸ்கேன் கருவிக்குள் படுத்தபடியே காகிதத்தில் எழுத ஒரு சாய்மேசை அமைத்தார்கள். பாதியில் நிற்கும் ஒரு கதையைக் கொடுத்துத் தொடரச் சொன்னார்கள். எழுத்துப் பயிற்சி பெற்ற மாணவர்களிடம், பயிற்சி இல்லாதவர்களிடம் காணாத அளவுக்கு, காடேட் என்ற ஆழ்பகுதி இயங்கியது. பழகிப்போன திறமைகளோடு தொடர்புடைய பகுதி அது. 2014-இல் வந்தது இந்த ஆய்வு. அதற்கு முன்பே, 2008-இல், சார்ல்ஸ் லிம்ப், ஆலன் பிரான் இருவரும் ஆறு ஜாஸ் பியானோ கலைஞர்களை ஸ்கேன் கருவிக்குள் மனோதர்மமாக வாசிக்கச் செய்திருந்தார்கள். தன்னைத் தானே கண்காணித்துத் திருத்தும் முன்மூளைப் பகுதி அப்போது அடங்கிப் போனது. கல்பனாஸ்வரம் பாடும்போது கணக்குப் பார்த்துக்கொண்டிருந்தால் ஸ்வரம் வராது என்று நம் வித்வான்கள் சொல்வதும் இதைத்தான்.

பிளைட்டன் மனத்தைக் காலியாக்கிக்கொண்டு காத்திருந்தாரே, அந்தச் சில நிமிடங்களுக்கு இப்போது பொருள் கிடைக்கிறது. கண்காணிப்பாளரை வெளியே அனுப்பிவிட்டுக் கதவைத் திறந்துவைத்திருக்கிறார்.

இதற்கு ஒரு பலத்த மறுப்பு உண்டு. அதைச் சொல்லாமல் போனால் நேர்மையாகாது. 1967-இல் 'பாரிஸ் ரிவ்யூ' இதழின் பேட்டியில், பாத்திரங்கள் எழுத்தாளரின் பிடியை மீறிப் போகின்றன என்ற நாவலாசிரியர் ஈ.எம். ஃபார்ஸ்டரின் கருத்தைப் பற்றிக் கேட்டபோது, இன்னொரு நாவலாசிரியரான விளாதிமீர் நபகோவ் அதை முற்றாக மறுத்தார். தன் பாத்திரங்கள் துடுப்பு வலிக்கும் கப்பல் அடிமைகள், அவ்வளவுதான் என்றார். அவர் எழுதிய முறையும் அதற்கு ஏற்றதே. சிறு அட்டைகளில் காட்சி காட்சியாக எழுதி, எந்த வரிசையிலும் வைத்து மாற்றிக்கொள்வார். நூறு அட்டைகளையும் ஒரே சமயத்தில் மேலேயிருந்து பார்க்கிறவருக்கு எந்தப் பாத்திரமும் ஓடி ஒளிய முடியாது. டெய்லரின் 50 பேரிலும் நான்கு பேர் இந்தக் கட்சிதான். இவர்கள் கற்பனை குறைந்தவர்கள் என்று யாரும் சொல்ல முடியாது. பாத்திரம் தானாகப் பேசுவது நல்ல எழுத்துக்கு நிபந்தனை அல்ல. எழுதப் பழகும் பிள்ளைகளிடம் "உன் பாத்திரம் உன்னோடு பேசவில்லையா? அப்படியானால் நீ எழுத்தாளனே அல்ல" என்று சொல்கிறவர்களை நான் கண்டிக்கிறேன். அது அறிவியலும் அல்ல, இலக்கியமும் அல்ல.

மாதிரி சொல்லை மட்டும் கொண்டுவருவதில்லை. சில சமயம் உடலையும் இழுத்துக்கொண்டு போகிறது. 'மதாம் பொவாரி'யில் எம்மா விஷம் குடிக்கும் காட்சியை எழுதியபோது தன் வாயில் ஆர்சனிக்கின் சுவையை உணர்ந்ததாகவும், சாப்பிட்டதை வாந்தி எடுத்ததாகவும் ஃப்ளோபேர் பின்னாளில், 1866-இல், விமர்சகர் தெய்னுக்கு எழுதினார். சார்ல்ஸ் டிக்கன்ஸின் மகள் மேமி, உடம்பு சரியில்லாத சிறுமியாக அப்பாவின் எழுத்தறையில் சோபாவில் படுத்திருந்த ஒரு நாளை நினைவுகூர்ந்திருக்கிறார். எழுதிக்கொண்டிருந்த டிக்கன்ஸ் திடீரென்று எழுந்து கண்ணாடியிடம் ஓடுவார். முகத்தைக் கோணலாக்கிப் பார்ப்பார். மேசைக்கு ஓடிவந்து எழுதுவார். மறுபடி கண்ணாடி. பிறகு மகள் பக்கம் திரும்பி அவளைப் பார்க்காமலேயே தாழ்ந்த குரலில் வேகமாகப் பேசுவார். அப்பா தன் பாத்திரமாகவே மாறியிருந்தார் என்பது அவளுக்குப் பெரியவளான பிறகே புரிந்தது. மேடை நடிகருக்கும் எழுத்தாளருக்கும் இடையிலான சுவர் அந்தக் கண்ணாடி முன்னால் இல்லாமல் போகிறது.

நம் மொழியிலும் இந்த உறவுக்கு வலுவான சாட்சிகள் இருக்கிறார்கள். கல்கி, ரசிகமணி டி.கே.சி.யுடன் மாமல்லபுரக் கடற்கரையில் உட்கார்ந்திருந்த ஒரு நிலவு இரவில் முளைத்தது 'சிவகாமியின் சபதம்'. எழுதி முடிக்கும்வரை ஏறக்குறைய பன்னிரண்டு ஆண்டுகள் ஆயனரும் சிவகாமியும் மாமல்லரும் தம் நெஞ்சுக்குள்ளேயே குடியிருந்ததாகவும், முடித்தபோது பெரும் பாரம் இறங்கியதாகவும் நூலின் முன்னுரையில் எழுதுகிறார். மாதிரி கட்டப்படுவதற்கு ஆகும் காலத்தை இதைவிடத் தெளிவாக யாரும் குறித்துவைத்ததாக எனக்குத் தெரியவில்லை.

ஜெயகாந்தனுக்கும் கங்காவுக்கும் இருந்த உறவு இன்னும் சிக்கலானது. 1966-இல் ஆனந்த விகடனில் 'அக்னிப் பிரவேசம்' வந்தது. மழைநாளில் முகந்தெரியாத ஒருவனின் காரில் ஏறிக் கெடுக்கப்பட்டு வீடு திரும்பும் கல்லூரிப் பெண்ணின் தலையில் தண்ணீரைக் கொட்டி, நீ சுத்தமாகிவிட்டாய் என்கிறாள் தாய். வாசகர்களிடையே பெரிய கொந்தளிப்பு. ஒரு சிறுகதையோடு முடிந்திருக்க வேண்டிய பெண் அவள். ஆனால் முடியவில்லை. அந்தத் தாய் அப்படிச் செய்யாமல் ஊரைக் கூட்டியிருந்தால் அவள் என்ன ஆகியிருப்பாள் என்ற கேள்வியோடு 1970-இல் 'சில நேரங்களில் சில மனிதர்கள்' வந்தது. அதில் அந்தப் பெண்ணின் பெயர் கங்கா. அவள் ஒரு பத்திரிகையில் 'அக்னிப் பிரவேசம்' கதையைப் படிக்கிறாள். தன் கதையே வேறு முடிவோடு அச்சாகியிருப்பதைக் காண்கிறாள். அந்தக் கதையை எழுதிய எழுத்தாளரும் நாவலில் ஒரு பாத்திரமாக வருகிறார். தன்னை எழுதியவரைப் பாத்திரம் எதிரில் நின்று பார்ப்பதற்கு, ஒரு நாவலின் கட்டமைப்பையே ஜெயகாந்தன் இடம்கொடுத்து அமைத்தார். 1972-இல் சாகித்திய அகாதெமி விருது வாங்கிக்கொடுத்த நாவல். அதற்குப் பிறகும் கங்கா விடவில்லை. 'கங்கை எங்கே போகிறாள்' என்று மறுபடி எழுத வேண்டியிருந்தது. கண்காணிப்பாளர் வெளியே போனதால் மட்டும் இது நடக்கவில்லை. ஆயிரக்கணக்கான வாசகர்களின் மனத்திலும் கங்காவின் மாதிரி ஓடத் தொடங்கிவிட்டது, அவர்கள் கோபத்தோடு அவளைத் திருப்பி அவரிடமே அனுப்பினார்கள் என்பது என் கருத்து.

வாசகருக்கும் இது நடக்கும் என்பதற்கு ஆய்வு உண்டு. டர்ஹம் குழு ஓர் ஆங்கில நாளிதழ் மூலம் 1,500-க்கும் மேற்பட்ட வாசகர்களிடம் கேட்டபோது, சுமார் 19 விழுக்காட்டினர், புத்தகத்தை மூடிய பிறகும் பாத்திரத்தின் குரலோ பார்வையோ தங்களைத் தொடர்வதாகச் சொன்னார்கள். காப்பி போடும்போது அந்தப் பாத்திரம் இந்தச் சமையலறையைப் பற்றி என்ன சொல்லும் என்று உள்ளே ஓர் ஓட்டம். பொன்னியின் செல்வன் படித்த வாரத்தில் வந்தியத்தேவன் போலப் பேசித் திரிந்தவர்கள் இதை உடனே ஒப்புக்கொள்வார்கள்.

ஒரு பயத்தையும் இங்கே நீக்கிவிட வேண்டும். குரல் கேட்கிறது என்றதும் மனநோயோ என்று வீட்டார் கலங்குவதை நான் பார்த்திருக்கிறேன். எழுத்தாளருக்குப் பாத்திரம் பேசும்போது அது தன் கற்பனை என்ற அறிவு கூடவே இருக்கிறது. எழுந்து போய்ச் சாப்பிட முடிகிறது, கதவைச் சாத்த முடிகிறது. கட்டளையிட்டு மிரட்டும், நிறுத்த முடியாத, நிஜம் என்றே நம்பவைக்கும் குரல் வேறு. அப்படிப்பட்ட குரலால் தவிப்பவர் மனநல மருத்துவரைப் பார்க்கத் தயங்கக் கூடாது. சிகிச்சை இருக்கிறது, பலனும் இருக்கிறது. இரண்டையும் ஒன்றாக்கி, கலைஞன் என்றாலே கொஞ்சம் பித்து என்று மெச்சிப் பேசுவது இரு தரப்புக்கும் கேடு.

பிளைட்டனின் ஜோக்குக்குத் திரும்புவோம். அது அவருடையதுதான். வேறு யாருடையதாகவும் இருக்க முடியாது. ஆனால் மேசைக்கு முன் உட்கார்ந்த அன்று அவர் அதை உண்டாக்கவில்லை என்பதும் உண்மை. நூறு வருஷம் யோசித்தாலும் வந்திருக்காது என்று அவர் சொன்னது சரி, ஏனென்றால் அது யோசனையில் விளைந்தது அல்ல. ஒரு பத்து வயதுப் பையன் எந்த நொடியில் எதைச் சொல்லிச் சிரிக்கவைப்பான் என்பதை அவர் மூளை வெகுகாலம் முன்பே கற்று, ஆழத்தில் வைத்திருந்தது. அந்தப் படிப்பு எங்கே நடந்தது என்பது அவருடைய வாழ்க்கை வரலாற்றில் இருக்கிறது. அவர் சிறு பிள்ளைகளுக்குக் கற்பிக்கும் ஆசிரியையாகப் பயிற்சி பெற்றவர். 1920 முதல் நான்கு ஆண்டுகள் லண்டனுக்கு அருகே சர்பிட்டன் என்ற ஊரில், ஒரு வீட்டில் நான்கு அண்ணன் தம்பிகளுக்குப் பாடம் சொல்லிக்கொடுத்தார். அக்கம்பக்கத்துப் பிள்ளைகளும் வந்து சேர, அந்த வீடு ஒரு குட்டிப் பள்ளிக்கூடமானது. எழுதிய கதைகளை முதலில் அந்தப் பிள்ளைகளிடம்தான் சொல்லிப் பார்ப்பார். அவருடைய முதல் புத்தகம் 1922-இல், அங்கே பாடம் நடத்திக்கொண்டிருந்த நாட்களில்தான் வெளிவந்தது.